சோற்றின் மேல் கவிழ்க்கும் மூடி

"உனக்கு என் மேல அக்கறை இல்ல, தமயந்தி. என் புண்ணு மேலதான் உனக்கு அக்கறை."

இதுதான் அவர் சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, டிரைவர் காதில் விழுகிற மாதிரி சொன்னார். நீங்களே சொல்லுங்கள். புண் வேறு, புருஷன் வேறா? அந்தப் புண் யார் உடம்பில் இருந்தது, மாடி வீட்டுக்காரர் உடம்பிலா?

நகர வேண்டாம், எனக்கு இடம் போதும். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன, கிட்னியில் கல்லா? அப்படியானால் நீங்கள் கொடுத்து வைத்தவர். கல்லை நாலு பேரிடம் சொல்லலாம். எடுத்த பிறகு பாட்டிலில் போட்டு ஷோகேஸில் வைக்கலாம். எங்கள் தெருவில் ஒருத்தர் வைத்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார். அதோ, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். என்னை உள்ளே விடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாராம். டோக்கன் கூப்பிடுகிற அந்த நர்ஸ் பெண் என்னிடமே சொல்கிறாள், "சாரோட அவங்க ஃப்ரெண்டு இருக்காரும்மா, நீங்க வெளிய உக்காருங்க" என்று. கட்டின பெண்டாட்டி வெளியே பெஞ்சில், கூட வேலை பார்க்கிற டிராயிங் மாஸ்டர் உள்ளே. எந்த ஆஸ்பத்திரியிலாவது இந்த அநியாயம் உண்டா? இன்றைக்கு இவருக்குக் கடைசிச் செக்கப் என்பது எனக்கே தெரியும், அதனால்தான் வந்தேன். யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு டாக்டர் சொன்ன தேதியை மனப்பாடமாக வைத்திருந்தது யார்? நான். இவர் வாட்சைக்கூடப் பார்த்து நேரம் சொல்லத் தெரியாதவர்.

இன்றைக்கு டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால் நாளைக்கே மணப்பாறைப் பக்கம் போகப் போகிறாராம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கியாகிவிட்டதாம், ரூமும் பார்த்தாகிவிட்டதாம். உறையூரில் வீட்டை வைத்துக்கொண்டு மணப்பாறையில் ரூம்! இதையும் இவர் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற என் பெண் போன் பண்ணிச் சொன்னாள். அதனால்தான் வாசலில் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்ததும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவேன். பேச்சே கிடையாது.

என்ன ஆபரேஷன் என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கேட்க நினைத்தீர்கள், முகத்தில் தெரிகிறது. சொல்கிறேன், எனக்கு ஒளிக்கத் தெரியாது. சுன்னத் ஆபரேஷன்.

நீங்கள் ஏன் கதவைப் பார்க்கிறீர்கள்? நாங்கள் சைவம். என் மாமனார் தேவாரம் சொல்லாமல் காபி குடித்தது கிடையாது. இவர் பெயரே நமசிவாயம். இது மதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, சர்க்கரை. சர்க்கரை ஏறினால் அந்த முன்தோலில் அடிக்கடி புண் வரும், ஆறும், மறுபடி வரும், கடைசியில் தோல் இறுகிப் போய்விடும். எடுத்துவிட வேண்டியதுதான். இதை டாக்டர் எங்களுக்குப் படம் போட்டே விளக்கினார். நான் படத்தைப் பார்த்தேன். இவர் காலண்டரைப் பார்த்தார்.

எத்தனை மாதம் என்னிடம் மறைத்தார் தெரியுமா? பாத்ரூமுக்குள் போனால் வர மாட்டார். நான் கதவைத் தட்டி, "உள்ள என்ன பரீட்சை பேப்பரா திருத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு நாள் உள்ளே இருந்து முனகல் கேட்டது. அன்றைக்கே பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் இந்த டாக்டரிடம். நான் இழுத்துக்கொண்டு வராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு ஒரு நன்றி உண்டா?

டாக்டர் ஆபரேஷன் என்றதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஃபிஸிக்ஸ் பரீட்சைக்குப் போனவனுக்குக் கெமிஸ்ட்ரி கேள்வித்தாள் கொடுத்த மாதிரி. வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு, "யாருக்கும் தெரியக் கூடாது." இவர் ஆண்கள் பள்ளிக்கூடத்தில் ஃபிஸிக்ஸ் வாத்தியார். பசங்கள் ஏற்கெனவே இவருக்கு ஊசல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடுவார் என்று. இந்த விஷயம் தெரிந்தால் வகுப்புக்குள் நுழையவே முடியாது, போர்டு பக்கம் திரும்பினாலே சிரிப்பார்கள் என்று ஒரே புலம்பல். "குடலிறக்கம், எர்னியான்னு சொல்லிருவோம்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் அன்சலா பொய் சொன்ன வாயைச் சோப்புப் போட்டுக் கொப்பளிக்க வைப்பார். லைஃப்பாய் சோப்பின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. "பொய் சொல்ல வேணாம், சும்மாவாவது இரு" என்றார். சரி என்றேன். சும்மா இருப்பது பொய் இல்லை அல்லவா?

அந்த டிராயிங் மாஸ்டர் தாவூத் சாரிடம் மட்டும் இவரே சொல்லியிருக்கிறார். என்னிடம் மாதக்கணக்கில் மறைத்ததை அவரிடம் ஒரு டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்! கேட்டால், "அவருக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, கேலி பண்ண மாட்டார்" என்கிறார். நான் மட்டும் கேலி பண்ணுகிறவளா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இருக்கிறதே, அதுதான் வேலை. ஆபரேஷன் பண்ணுவது டாக்டருக்கு அரைமணி நேரம். ஆற வைப்பது யார்? நனையக் கூடாது, உரசக் கூடாது, கட்டுப் பிரித்த பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும், ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது, ஆயின்ட்மென்ட் போட வேண்டும், தையல் தானாகக் கரையும், பிடித்து இழுக்கக் கூடாது, மலச்சிக்கல் வரக் கூடாது, சர்க்கரை ஏறக் கூடாது. எனக்கு இதெல்லாம் புதிது இல்லை. கான்வென்ட்டில் முதலுதவி வகுப்பில் முதல் பரிசு வாங்கினவள் நான். முழங்கையில் கட்டுப் போட்டுக் காட்டச் சொன்னால் மற்ற பெண்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் முடித்துவிட்டு எழுந்து நிற்பேன்.

ஒரு டைம் டேபிள் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். இவர் அதைக் கிழித்துவிட்டார், கேஸ் போடுகிற ஆள் வந்து படிப்பானாம். சரி, வாயாலேயே ஞாபகப்படுத்துகிறேன் என்றேன். சமையற்கட்டில் கை வேலையாக இருக்கும்போது அங்கிருந்தே, "ஏங்க, கசிஞ்சுதா?" என்று கேட்பேன். அதற்கு ஒரு சண்டை. மாடி வீட்டில் கேட்கிறதாம். கசிந்ததா என்றுதானே கேட்டேன்? எது என்று கேட்டேனா? குழாய்கூடக் கசியும்.

அப்புறம் உரசல். லுங்கி லேசாகப் பட்டாலே உயிர் போகிறது என்று துடித்தார். தாவூத் சார் போனில் ஒரு யோசனை சொன்னார். அவர் வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்யும்போது உத்தரத்தில் ஒரு கயிறு கட்டி, மேலே போர்த்துகிற வெள்ளைத் துணியை நடுவில் பிடித்துத் தொங்க விடுவார்களாம். கூடாரம் மாதிரி நிற்குமாம், துணி உடம்பில் படாதாம். "கட்டிப் பாருங்க தங்கச்சி" என்றார். நான் எப்போது இவருக்குத் தங்கச்சி ஆனேன்? எங்கள் வீடு கான்கிரீட் தளம். உத்தரம் கிடையாது, கொக்கி கிடையாது, ஃபேன் ஒன்றுதான் இருக்கிறது. ஃபேனில் கயிறு கட்டி, யாராவது மறந்து சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் சீரியஸாகச் சொல்கிறேன்.

அப்போதுதான் எனக்கு உதித்தது. சாப்பாட்டின் மேல் ஈ மொய்க்காமல் கவிழ்த்து வைப்போமே, வலை போட்ட மூடி, குடை மாதிரி விரியும், உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் பச்சைக் கலர், ஓரத்தில் லேஸ் வைத்தது. அதை எடுத்து, டெட்டால் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, இவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, அதை நடுவில் கவிழ்த்து, மேலே ஒரு பழைய வேஷ்டியைப் போர்த்தினேன். காற்றும் போகும், துணியும் படாது. எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி கிடையாது. கவிழ்த்ததும் இவர் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அப்பாடா!" கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அந்த அப்பாடாவை இப்போது சௌகரியமாக மறந்துவிட்டார்.

அதைப் பிறகு குப்பையில்தான் போட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். மறுபடியும் அதைச் சோற்றின் மேல் கவிழ்க்க முடியுமா? சீ. என் வீட்டில் அந்த மாதிரி அசிங்கமெல்லாம் நடக்காது.

படுக்கையை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டேன். அதுவும் குற்றமாம். பெட்ரூமில் வெளிச்சம் போதாது, புண்ணைப் பார்க்க வேண்டாமா? ஹாலில் ஜன்னல் இருக்கிறது. திரை போட்டுத்தான் வைத்திருந்தேன். பால் போடுகிறவர் எட்டிப் பார்த்து, "சார் ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் நானா அதற்குப் பொறுப்பு?

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பார்த்தால் புண்ணின் மேல் மஞ்சளாக ஒரு படலம். சர்க்கரைக்காரர், சீழ் பிடித்தால் கேட்க வேண்டுமா? டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா? பஞ்சை டெட்டாலில் நனைத்துத் துடைத்துவிட்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தேன், வர மாட்டேன் என்றது. இவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு அம்மா இறங்கி வந்துவிட்டாள். கொஞ்சம் ரத்தம் வந்தது. கொஞ்சம்தான்.

இங்கே கொண்டு வந்து காட்டினோம். இந்த டாக்டர் என்னைப் பார்த்து, "அம்மா, அது சீழ் இல்ல. ஆறும்போது அப்படித்தான் மேல படியும். அதை உரிச்சா எப்படி ஆறும்? கொஞ்சம் ஆற விடுங்கம்மா" என்றார். நர்ஸ்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னதாக அவர் சொல்கிறார். நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்காவது முழுசாகப் பதில் சொல்லியிருந்தால் எனக்கு ஏன் இந்த வேலை?

அன்றையிலிருந்து இவர் என்னைத் தொட விடவில்லை. "தாவூத் வந்து போட்டுக்குவார்" என்றார். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் ஸ்கூட்டரில் வருவார், கை கழுவுவார், ஹால் கட்டிலிலிருந்து இவரைக் கைத்தாங்கலாகப் பெட்ரூமுக்குள் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெந்நீர் வைத்துக் கொடுப்பது நான். அந்தக் கிண்ணத்தைக் கதவு இடுக்கு வழியாக வாங்கிக்கொள்வார். "அப்படியே நில்லுங்க தங்கச்சி, நான் வாங்கிக்கிறேன்" என்பார். என் வீட்டில், என் பெட்ரூம் வாசலில், என்னை நிற்கச் சொல்கிறார்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். புண்ணைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? இவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் காதை வைத்துக் கேட்டேன். தாவூத் சார் சின்ன வயதில் தனக்குச் செய்தபோது நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்துக்கொள்ள வந்த மாமாவே மயக்கம் போட்டு விழுந்துவிட்டாராம், பையனை விட்டுவிட்டு எல்லோரும் மாமாவுக்குத் தண்ணீர் தெளித்தார்களாம். இதில் என்ன சிரிப்பு? எனக்கு வரவில்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். இவர்கள் எல்லோரும் என் தலையில் போடுகிற நாள்.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நாலைந்து பேர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்துவிட்டார்கள். தாவூத் சார் ஏற்கெனவே வந்து கட்டு மாற்றிவிட்டு, காஸ் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இவர் மூடியும் வேஷ்டியுமாகக் கட்டிலில். வந்தவர்களில் பிச்சாண்டி சார் என்று ஒருத்தர், கணக்கு வாத்தியார். அவருக்குப் போன வருஷம் நிஜமாகவே எர்னியா ஆபரேஷன் நடந்தது. எர்னியா என்று கேள்விப்பட்டதும் மனிதருக்குத் தாங்க முடியாத சந்தோஷம், பேச ஒரு ஜோடி கிடைத்துவிட்டது பாருங்கள். தன்னுடைய பழைய எர்னியா பெல்ட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் கொண்டுவந்திருந்தார்.

"எந்தப் பக்கம் நமசு? வலதா, இடதா?"

"வலது" என்றார் இவர்.

"எனக்கும் வலதுதான்! தையல் எவ்ளோ நீளம்? காட்டு, நான் காட்றேன் பாரு" என்று சட்டையைத் தூக்கிவிட்டார் அந்த ஆள். எல்லோரும் அவர் வயிற்றைப் பார்த்தோம். "இந்த பெல்ட்டைப் போட்டுக்க, நீ ஓடலாம், குதிக்கலாம். கொஞ்சம் எந்திரி, நானே மாட்டி விடறேன்" என்று வேஷ்டி மேல் கையை வைக்கப் போனார்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. தாவூத் சார்தான் குறுக்கே வந்தார். "பிச்சாண்டி, டாக்டர் பெல்ட் இப்ப வேணாம்னுட்டாரு. அங்க வச்சுட்டுப் போங்க, அப்புறம் போட்டுக்குவாரு" என்றார். பிச்சாண்டி சாரும் சரி என்று பெல்ட்டை ஸ்டூலில் வைத்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. நான் காபி கலக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆள் சும்மா இருந்திருக்கலாம். காபியை வாங்கிக்கொண்டு கட்டிலைப் பார்த்தார். "அது என்ன மேடம், நடுவுல கூடை மாதிரி?" என்றார். சாப்பாட்டு மூடி என்றேன். "எர்னியாவுக்கு எதுக்கு மேடம் சாப்பாட்டு மூடி? யார் சொன்னா இப்படி வைக்கச் சொல்லி? தப்பு தப்பா பண்றீங்களே. என் வொய்ஃப் எல்லாம் என்னை ரெண்டாம் நாளே நடக்க விட்டா. நீங்க இவரைப் படுக்க வச்சே நோயாளி ஆக்கிருவீங்க போலயே" என்றார்.

எப்படி இருக்கும் எனக்கு? தூக்கம் இல்லாமல், பாத்திரம் பாத்திரமாக வெந்நீர் போட்டு, மூளையைக் கசக்கி ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கிறேன். அவர் வீட்டுக்காரியைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒரு தலைவலி மாத்திரையைப் பார்த்துப் பிரிக்கத் தெரியாதவள்.

"சார், தெரியாம பேசாதீங்க" என்றேன். "எர்னியாவும் இல்ல ஒண்ணும் இல்ல. சுன்னத் ஆபரேஷன். துணி உரசக் கூடாதுன்னுதான் மூடி வச்சிருக்கு. டாக்டர்கிட்டயே சொன்னேன், அவரே வேணாம்னு சொல்லல."

உள்ளதைத்தானே சொன்னேன்? ஒரு எழுத்தாவது பொய் உண்டா அதில்?

காபி டம்ளரைக்கூட யாரும் கீழே வைக்கவில்லை. அப்புறம் பிச்சாண்டி சார் மெதுவாகத் தாவூத் சார் பக்கம் திரும்பினார். "என்ன தாவூத், சத்தமில்லாம ஒரு ஆளைச் சேத்துட்டீங்க போலயே? பிரியாணி எப்ப?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சட்டென்று வந்துவிட்டது, நல்ல டைமிங்கில் சொன்னார் அந்த ஆள். தாவூத் சார் மட்டும் சிரிக்கவில்லை. சுருட்டின காஸ் துணியை மறுபடி பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி போதாது. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சாண்டி சாரைப் பார்க்கவில்லை, என்னை. நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன். இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போன பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூடி சரிந்து கீழே விழுந்தது. எடுத்து வைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "வலிக்கலையா?" என்று கேட்டேன். "ரசம் சாதம் பிசையட்டுமா?" என்றேன். வேஷ்டியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

அப்புறம் அவருடைய போனுக்கு என்னென்னமோ வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப்பில் பிரியாணி அண்டா படமாம், குல்லா போட்ட பொம்மையாம். ரம்ஜானுக்கு லீவு எடுப்பீர்களா சார் என்று ஒருத்தன் கேட்டானாம். எவனோ ஒரு பையன் ஊசல் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துவிட்டானாம். அதை நான் உங்களிடம் சொல்ல முடியாது. விளையாட்டுக்குத்தானே செய்கிறார்கள்? இதற்கெல்லாம் ஒரு மனிதன் ஊரை விட்டுப் போவானா?

மறுநாள் தாவூத் சார் ஆட்டோவோடு வந்தார். தென்னூரில் அவர் வீட்டு மாடியில் ஒரு ரூம் காலியாக இருக்கிறதாம். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையணையை எடுத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்து வெளியே போனார். நான் வாசலில் நின்று, "என்னங்க இது, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். அப்போதுதான் சொன்னார், நான் முதலில் சொன்னேனே, அக்கறை இல்லை, புண் மேல்தான் அக்கறை என்று. அதை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் அந்தச் சாப்பாட்டு மூடியை எடுத்து வந்து ஆட்டோவுக்குள் நீட்டினேன். இவர் வாங்கவில்லை. தாவூத் சார் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ போகிறது, பின்பக்கத்தில் அந்தப் பச்சை லேஸ் தெரிகிறது. அக்கறை இல்லாதவள் செய்கிற வேலையா அது?

போன் போட்டால் எடுக்க மாட்டார். தாவூத் சார்தான் எடுப்பார். "நல்லா இருக்காரு தங்கச்சி, சாப்பிட்டாரு, தூங்குறாரு." ஒரு நாள் நானே கேட்டேன், "உங்க வீட்ல உத்தரம் இருக்குமே, கயிறு கட்டினீங்களா?" என்று. "கட்டிப் பாத்தோம் தங்கச்சி. சாருக்கு அது சரிப்படல. அந்த மூடியத்தான் கேக்கறாரு" என்றார். பார்த்தீர்களா? நான் பண்ணினது தப்பு தப்பு என்றார்களே? உத்தரம் இருக்கிற வீட்டிலும் என் மூடிதான் வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

என் பெண் போன் பண்ணினாள். அப்பா அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "நீ ஏம்மா சொன்ன" என்று கேட்கவில்லை. "நீ ஏம்மா சிரிச்ச?" என்று கேட்டாள். ஆளாளுக்கு ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். சிரிப்பு வந்தால் சிரிக்காமல், அழ வேண்டுமா? மற்றவர்கள் சிரிக்கவில்லையா? அவர்களிடம் இவருக்குக் கோபம் உண்டா? பிச்சாண்டி சாரிடம் நன்றாகப் பேசுகிறாராம், அந்தப் பெல்ட்டைக்கூடத் தாவூத் சார் மூலம் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டாராம்! என் போனைத்தான் எடுக்க மாட்டார்.

"நீ போய் சாரி சொல்லும்மா" என்றாள். எதற்கு? உண்மையைச் சொன்னதற்கு சாரியா? சிஸ்டர் அன்சலா உயிரோடு இருந்தால் என்னைத் தட்டிக் கொடுத்திருப்பார்.

நீங்கள் ஏன் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள்? நானே பேசிக்கொண்டிருக்கிறேன். சரி, பேச வேண்டாம். தலையை ஆட்டுங்கள், போதும். அதுவும் எந்தப் பக்கம் ஆட்டுகிறீர்கள் என்று தெரியவில்லை.

இந்தப் பையில் என்ன என்று பார்க்கிறீர்கள். இரண்டு பழைய வேஷ்டி. கஞ்சி போடாமல் துவைத்தது, பஞ்சு மாதிரி இருக்கும், தொட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் மொடமொடவென்று எதையாவது கொடுத்திருப்பார்கள். புதுத் தோல் தாங்குமா?

இருங்கள். உள்ளே டாக்டர் குரல். கேட்கிறதா? "ரொம்ப நல்லா ஆறியிருக்கு சார், இனிமே நீங்க வர வேண்டியதே இல்ல." கேட்டீர்களா? நன்றாக ஆறியிருக்கிறதாம்! யார் ஆற வைத்தது? முதல் நாளிலிருந்து பார்த்தது யார்? கடைசியில் வந்து ஆயின்ட்மென்ட் தடவினவர்கள் பெயர் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கதவைத் திறக்கிறார்கள். உங்களைக் கூப்பிடுகிறார்களா? போங்கள், போங்கள், உங்கள் டோக்கன்தான். வருகிறார் பாருங்கள், அதோ, நீல சட்டை. பேண்ட் போட்டிருக்கிறார். பேண்ட்டே போட்டுவிட்டார். கால் அகட்டாமல் நேராக நடக்கிறார். முன்பு ஆடுவாரே, அந்த ஆட்டம்கூட இல்லை.

ஏங்க. இங்க பாருங்க, நான்தான். கீழ ஆட்டோ நிக்குது. இறங்குற படி ஈரமா இருக்கு, பாத்து. ஏங்க, உங்களைத்தான். வேஷ்டி கொண்டாந்திருக்கேன், இந்தப் பையையாவது வாங்கிக்குங்க. சரி, வேணாம். பேண்ட்தான் வசதின்னா பேண்டே போட்டுக்குங்க.

தாவூத் அண்ணே. கொஞ்சம் நில்லுங்கண்ணே, அவரை நிறுத்துங்க.

வீட்டுக்கு வாங்கன்னு நான் சொல்லலையே. மணப்பாறைக்குப் போங்க, நாளைக்கே போங்க, யாரு வேணாம்னா? அந்த மூடி நம்ம வீட்டு மூடி. புண்ணுதான் ஆறிடுச்சே, இனிமே அது உங்களுக்கு எதுக்கு? எனக்குச் சோத்தை மூடி வைக்க வேற ஒண்ணும் இல்ல, ஈ மொய்க்குது. வெந்நீர் ஊத்திக் கழுவிக்கிறேன். வேற யார்கிட்டயும் குடுத்து அனுப்ப வேணாம், சாயங்காலம் நீங்களே வந்து குடுத்துட்டுப் போங்க.

ஏங்க?